இறக்கு என்று சொல்ல ஓர் ஆள்

என் அக்காவின் புருஷன் பன்னிரண்டு வருஷமாகச் சாமான் தூக்கும் தொழிலில் இருக்கிறார். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் ஒரு தலையணையைக்கூடத் தூக்கியதில்லை. இதை நான் வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் வயிற்றெரிச்சலிலும்தான் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஐந்து பேர். வீடு மாற்றுகிறவர்கள், கடை மாற்றுகிறவர்கள், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடியில் குடிவந்துவிட்டு இரும்புப் பெட்டி வாங்குகிற புத்திசாலிகள், எல்லாரும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். வேன் என்னுடையது. முன்னால் தூக்குகிறவர்கள் இரட்டையர்கள். எதைக் கேட்டாலும் ஒருவன் முகத்தை ஒருவன் பார்ப்பான், பதில் மட்டும் வராது. பின்னால் நானும், யானை என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருவனும். அவன் உடம்புக்குத்தான் யானை, மனசு கோழிக்குஞ்சு. ஆக, நாலு பேர் தோளால் தூக்குவோம். ஐந்தாவது ஆளான மச்சான் வாயால் தூக்குவார்.

கனமான சாமான் என்றால் அதன் அடியில் இரண்டு மரக்கழிகளைக் கொடுத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவோம். நாலு முனைக்கும் நாலு தோள். தூக்கியதும் பின்னால் இருக்கிற எனக்குத் தெரிவது சாமானின் முதுகு மட்டும்தான். மச்சான் நாலைந்து படி முன்னால், எங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஏறுவார். வலது, இடது என்று சொல்லவே மாட்டார். எதிரே நிற்கிறவருடைய வலது எங்களுக்கு இடது அல்லவா? ஆரம்பத்தில் அந்தக் குழப்பத்தில் ஒரு கண்ணாடி மேஜை போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து எங்களுக்கு இரண்டே பக்கம்தான், சுவர்ப் பக்கம், கம்பிப் பக்கம். சாமானின் முன்பகுதி தலை, பின்பகுதி வால். நின்று இளைப்பாற வேண்டுமென்றால் ‘மூச்சு’. கீழே வைக்க ‘இறக்கு’. சுவர்ப் பக்கம் ஒரு விரல், வால் கொஞ்சம் ஏறட்டும், தலை நில்லு, மூச்சு. நாள் முழுக்க இவ்வளவுதான் அவருடைய வேலை. சட்டை கசங்காது.

அதற்கு முன்னால் அவர் டவுன் பஸ் கண்டக்டர். ஆள் நாற்பத்தெட்டு கிலோ, அதில் பாதி குரல். கடைசி சீட்டிலிருந்து அவர் சொன்னால் டிரைவருக்குப் பிடரியில் கேட்கும். அந்த பஸ் கம்பெனியை மூடியபோது வேறு எந்த வேலையும் அவருக்குக் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்தார். மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார். அக்காதான் பயந்துபோய் என்னிடம் வந்தாள். “உன் வண்டியில அவரையும் ஏத்திக்கோடா, எங்கயாச்சும் ஒரு ஓரமா நிக்கட்டும்” என்றாள். ஏற்றிக்கொண்டேன். அவர் ஓரமாக நிற்கவில்லை. நேராக எங்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

தொண்டையை அவர் பார்த்துக்கொள்கிற அழகு இருக்கிறதே, பச்சைப் பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். கொளுத்துகிற வெயிலில் கழுத்தைச் சுற்றி மஃப்ளர். எங்கே போனாலும் ஃபிளாஸ்க்கில் வெந்நீர். குளிர்ந்ததைக் கண்ணாலும் பார்க்க மாட்டார். குரலைச் சேமிப்பதற்காக வீட்டில் வாயே திறப்பதில்லையாம். பேச்செல்லாம் எங்களுக்கே போய்விடுவதாகவும், தனக்கு மிஞ்சுவது காலையில் ஒரு ‘உம்’, ராத்திரி ஒரு ‘உம்’ என்றும் அக்கா புலம்புவாள். வேண்டுமானால் அந்த இரண்டு ‘உம்’மையும் நான் வாங்கிக்கொள்கிறேன், பேச்சை நீ வைத்துக்கொள் என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

எனக்குக் கடுப்பு எங்கே ஆரம்பித்தது என்றால், உலர்ந்த சட்டையில். வேலை முடியும்போது நாலு பேரும் தொப்பலாக நனைந்து, நாக்குத் தள்ளி நிற்போம். ஐவரில் சட்டை உலர்ந்திருக்கிறவர் ஒருவர்தான். பார்க்கிறவர்கள் அவர்தான் முதலாளி என்று நினைக்காமல் என்ன செய்வார்கள்? ஒரு வீட்டில் அவருக்கு நாற்காலி போட்டு, ஃபேனைத் திருப்பி, பீங்கான் கோப்பையில் காபி கொடுத்தார்கள். எங்களுக்கு வராந்தாவில் பிளாஸ்டிக் தம்ளர். அந்த வீட்டு அம்மாள் அவரிடம், உங்க ஆளுங்க நல்லாத் தூக்கறாங்க என்றாள். ஆளுங்க! வேன் என்னுடையது, இடுப்பு வலி என்னுடையது, நான் அவருடைய ஆள். மச்சான், எல்லாரும் சேர்ந்துதான் செய்கிறோம் என்று என்னவோ பதில் சொன்னார். அது என் காதில் ஏறவில்லை.

மறுநாள் டீக்கடையில் வாயைத் திறந்தேன். எனக்குக் கோபம் வந்தால் பேச்சு சொற்பொழிவு மாதிரி வரும், அது ஒரு வியாதி. இனிமேல் இந்தக் குழுவில் ஒருத்தன் இன்னொருத்தனுக்கு உத்தரவு போடுகிற பேச்சே கிடையாது, தூக்குகிறவன்தான் ஆள், தூக்குகிற எல்லாரும் சமம் என்றேன். இரட்டையர்கள் ஒருவனையொருவன் பார்த்துக்கொண்டார்கள். யானை பன்னைக் கடித்தபடி தரையைப் பார்த்தான். மச்சான் ஃபிளாஸ்க் மூடியை மெதுவாகத் திருகி மூடினார்.

“எனக்குத் தூக்க வராது மாப்ளே” என்றார்.

“தெரியும்” என்றேன்.

இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது. ஐம்பத்தோரு வயசு மனுஷனிடம் சொல்கிற வார்த்தையா அது? ஆனால் நான் அத்தோடு நிறுத்தவில்லை. வியாழக்கிழமை ஒரு பல் டாக்டருக்கு நாற்காலி ஏற்ற வேண்டியிருந்தது. அதை நாங்கள் நாலு பேர் மட்டும் செய்கிறோம், சரியாக முடிந்துவிட்டால் அவர் இனி வர வேண்டியதில்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். மச்சான் சரி என்று எழுந்து போனார். சாயங்காலம் அக்கா போன் செய்தாள். சண்டைக்கு வருவாள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் சண்டை போடவில்லை.

“பீரோவுல இருக்கற துணியெல்லாம் வெளிய எடுத்து மடிக்கிறாருடா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்று எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. இருந்தாலும் சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கினால் நான் நானா?

வியாழக்கிழமை மத்தியானம் அந்தக் கட்டடத்துக்குப் போனோம். நாலு மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி, குறுகலான படிகள். மூன்றாவது மாடியில் கிளினிக், அன்றுதான் திறக்கிறார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண், பேச்சில் கறார். நாலு மணிக்கு முதல் நோயாளி வருகிறார், அதற்குள் நாற்காலி உள்ளே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, உள்ளே தண்ணீர்க் குழாய் மாட்டுகிறவனை விரட்டப் போய்விட்டாள். நாற்காலி என்று பெயர்தானே தவிர, அது ஒரு இரும்பு மலை. நூற்றறுபது கிலோ, எல்லாக் கனமும் ஒரே பக்கம். கழியைக் கொடுத்துக் கட்டினோம். தோள் கொடுத்தோம். கிளம்பினோம்.

நாலு பேரும் சமம் அல்லவா? அதனால் மரியாதை பொங்கி வழிந்தது. முதல் திருப்பத்தில் இரட்டையர்களில் ஒருவன், உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படித் திருப்பலாம் என்றான். யானை, எனக்கு எதுவானாலும் சரி என்றான். நான் உத்தரவு போடக் கூடாதே என்று வாயைக் கடித்துக்கொண்டேன். எப்படியோ திரும்பினோம். முதல் மாடி போயிற்று. மூச்சு என்று சொல்ல ஆள் இல்லை. முதலில் களைத்தவன் என்று பெயர் வாங்க எவனுக்கும் மனசில்லை. இரண்டாவது மாடியும் போயிற்று. என் தோளில் கழி இறங்கி எலும்பைத் தொட்டது. கண்ணில் வியர்வை. காதில் யானையின் பெருமூச்சு. படி, படி, படி. இன்னும் படி. அப்புறம் ஒரு கதவு. இரட்டையர்கள் அதைக் காலால் தள்ளினார்கள். சுள்ளென்று வெயில் அடித்தது.

எதிரே கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், பல் டாக்டர் நாற்காலியோடு மொட்டை மாடிக்கு வந்து நிற்கிற நாலு ஆண்களைப் பார்த்தாள். கூடையை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

மூன்றாவது மாடியில் நிற்க வேண்டியவர்கள் வானத்துக்குக் கீழே நிற்கிறோம். இது பெரிய கூத்து என்றால், அதைவிடப் பெரிய கூத்து இனிமேல்தான். நாற்காலியை நாங்கள் இன்னும் கீழே வைக்கவில்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கம். சொல்லாமல் ஒருவன் மட்டும் இறக்கினால் மற்ற மூன்று பேர் மேல் சாயும் என்று உடம்புக்குத் தெரியும். அதனால் நாலு பேரும் காத்துக்கொண்டு நிற்கிறோம். எதற்கு? எனக்கே தெரியாது. கால் நடுங்குகிறது, கழி நடுங்குகிறது.

“யாராச்சும் சொல்லுங்கப்பா” என்று யானை அழுகிற குரலில் கேட்டான்.

நான்தான் இறக்கு என்றேன். என் குரல் எனக்கே சகிக்கவில்லை. ஆளுக்கு ஒரு நேரத்தில் இறக்கினோம். நாற்காலி ஒரு குதி குதித்து நின்றது.

உட்கார்ந்து விசாரணை நடத்தினேன். மூன்றாவது மாடியை எவனும் பார்க்கவில்லையா? இரட்டையர்களில் ஒருவன் பார்த்தானாம், ஆனால் மற்றவன் நிற்கவில்லையாம். மற்றவனும் பார்த்தானாம், ஆனால் இவன் நிற்கவில்லையாம். யானை படித்தளங்களை ஒவ்வொன்றாக எண்ணியே வந்திருக்கிறான். மூன்று வந்தது, யாரும் நிற்கவில்லை, சரி, நமக்குத்தான் எண்ணத் தெரியவில்லை என்று விட்டுவிட்டானாம். என்னைக் கேட்கிறீர்களா? நானும்தான் பார்த்தேன். கிளினிக் வாசலில் புதுச் செருப்பு ஸ்டாண்டு இருந்தது, அது ஓரக்கண்ணில் பட்டது. நில்லு என்று சொன்னால், டீக்கடையில் அவ்வளவு பேசிவிட்டு இப்போது இவன் உத்தரவு போடுகிறானே என்பார்களே என்று வாயைத் திறக்கவில்லை. எட்டுக் கண்ணும் மூன்றாவது மாடியைப் பார்த்திருக்கிறது, ஒரு வாயும் திறக்கவில்லை.

சரி, இறங்கித் தொலைப்போம் என்று திரும்பத் தூக்கினோம். கதவு நிலையைத் தாண்டுவதற்குள் கம்பிப் பக்கம் போக வேண்டியது சுவர்ப் பக்கம் போய், ஒரு கை அகலத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்தது. நாற்காலியின் கையில் ஒரு கீறல். அந்த நேரம் பார்த்து டாக்டர் மேலே வந்து சேர்ந்தாள். நாற்காலியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். இன்னொரு கீறல் விழுந்தால் நாற்காலியை நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்றும், அதில் உட்கார்த்தி எங்கள் பல்லைத் தன் கையால் பிடுங்குவதாகவும் சொன்னாள். மறுபடி வெளியே கொண்டுவந்து வைத்தோம்.

அவளுக்குப் பின்னாலேயே கன்னம் வீங்கிய ஒரு பெரியவர் கைக்குட்டையால் தாடையைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். அவர்தான் நாலு மணி நோயாளி, வலி பொறுக்காமல் மூன்றேகாலுக்கே வந்துவிட்டார். டாக்டர் மேலே போயிருக்கிறார் என்று குழாய்க்காரன் சொல்லியிருக்கிறான், இவரும் ஏறி வந்துவிட்டார். நாற்காலியைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நேராகப் போய்ச் சாய்ந்து உட்கார்ந்து, வெயிலைப் பார்த்து வாயைத் திறந்தார். டாக்டருக்கு ஒரு நிமிஷம் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு குனிந்து பார்த்தாள். வெளிச்சம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும்.

மானம் போனது போகட்டும் என்று அக்காவுக்குப் போன் போட்டேன். மச்சானைக் கூப்பிடு என்றேன்.

“அவரு காலையிலயே கிளம்பிட்டாரே. உங்ககூட இல்லையாடா?” என்றாள்.

வேலை போன மனுஷன், காலையில் போனவர், எங்கே போனார்? என்னென்னவோ நினைப்பு ஓடியது. கைப்பிடிச் சுவரோரம் நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்த யானை திடீரென்று என் தோளைத் தட்டினான். தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் கடை. அதன் வாசல் பெஞ்சில், அந்த வெயிலில், மஃப்ளர் சுற்றிக்கொண்டு ஒரு ஆள். மடியில் ஃபிளாஸ்க்.

காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வண்டியை நிறுத்தியது, கழி கட்டியது, தூக்கிக்கொண்டு உள்ளே போனது, எல்லாம் பார்த்திருக்கிறார். வரக் கூடாது என்று நான் சொன்னதால் தெருவைத் தாண்டவில்லை.

கூப்பிட்டேன். கேட்கவில்லை. நாலு பேரும் சேர்ந்து கத்தினோம். பஸ் சத்தம், ஹாரன் சத்தம், எதுவும் கீழே போய்ச் சேரவில்லை. இத்தனை வருஷம் இந்தக் குழுவில் குரல் இருந்தது ஒரே ஒரு ஆளிடம், அந்த ஆள் கீழே இருக்கிறார். கடைசியில் யானை கொடியில் காய்ந்த போர்வையை உருவி இரண்டு கையாலும் வீசினான். மச்சான் நிமிர்ந்து பார்த்தார். விரலை நீட்டி மாடிகளை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பிறகு எழுந்து தெருவைக் கடந்தார்.

ஏறி வந்தவருக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியையும் அதில் வாயைத் திறந்தபடி கிடந்த பெரியவரையும் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“மூணாவது மாடின்னுதானே சொன்னே?” என்றார்.

டாக்டர் இருக்கிறாள், வீங்கின கன்னக்காரர் இருக்கிறார், என் மூன்று சமமானவர்களும் இருக்கிறார்கள். எல்லார் முன்னாலும் சொன்னேன். “எங்களுக்கு நிக்கத் தெரியல மச்சான்.”

அவர் வெந்நீர் இரண்டு மடக்குக் குடித்தார். பெரியவரை எழுந்திருக்கச் சொன்னார். முடிச்சுகளை இழுத்துப் பார்த்து ஒன்றை அவிழ்த்துக் கட்டச் சொன்னார். பிறகு எங்கள் கைகளைப் பார்த்தார். இரட்டையர்களுக்கு விரல் நடுக்கம் நிற்கவில்லை. இறங்கும்போது கனமெல்லாம் முன்னால்தான் விழும். அதனால் அவர்களைப் பின்னால் அனுப்பிவிட்டு என்னையும் யானையையும் முன்னால் நிறுத்தினார். இத்தனை வருஷத்தில் நான் முன்னால் நின்றதே இல்லை.

தூக்கினோம். கதவைத் தாண்டினோம். அப்போதுதான் பார்த்தேன். மச்சான் எங்களுக்கு முன்னால், அதாவது எங்களுக்குக் கீழே நின்றார். அந்தக் குறுகலான படியில் முகத்தை எங்கள் பக்கம் வைத்து, பின்பக்கமாக ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினார். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கம்பி, மேலே நூற்றறுபது கிலோ. எவனாவது ஒருவனுக்குக் கால் பிசகினால் நாற்காலி முதலில் போய் விழுகிற இடம் எதுவோ, அங்கே நின்றுகொண்டு சுவர்ப் பக்கம் ஒரு விரல் என்கிறார். நாற்பத்தெட்டு கிலோ மனுஷன். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அங்கேதான் நின்றிருக்கிறார். பின்னால் நின்று சாமானின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவர் குரல் மட்டும் கேட்கும். அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

நாலாவது மாடித் தளத்தில் மூச்சு என்றார். நின்றோம். அடடா, எவ்வளவு நல்ல வார்த்தை அது.

அதற்குக் கீழே ஏழெட்டுப் படி இறங்கியிருப்போம். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இறங்கியதில், தளம் வந்துவிட்டது என்று நினைத்துக் காலை அகலமாக வைத்துவிட்டேன். தளம் வரவில்லை. கால் வழுக்கியது. முட்டி மடங்கியது. கழி தோளில் இருந்து ஒரு சாண் முன்னால் ஓடி, நாற்காலி மொத்தமாக அவர் பக்கம் சாய்ந்தது. யானை ஏதோ கத்தினான். மச்சான் அதற்குள் தளத்துக்கு வந்துவிட்டிருந்தார், பக்கவாட்டில் ஒதுங்கத் தாராளமாக இடம். ஒரு எட்டு வைத்தால் போதும்.

அவர் வைக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, அதே குரலில், ஒரு இழை ஏறாமல் இறங்காமல் சொன்னார்.

“மாப்ளே, இன்னும் ஒரு படி இருக்கு. காலைப் பின்னால எடு. வால், இழுத்துப் பிடி. யானை, நீ அசையாதே. இப்ப எல்லாரும் மூச்சு.”

காலைப் பின்னால் எடுத்தேன். இரட்டையர்கள் இழுத்துப் பிடித்தார்கள். நாற்காலி நின்றது. அதன் கால் தாங்கி அவர் நெஞ்சிலிருந்து நாலு விரல் தள்ளி இருந்தது. நாலு விரலுக்கு மேல் இருக்காது, நான் பார்த்தேன்.

அப்புறம் மூன்றாவது மாடி வாசல், செருப்பு ஸ்டாண்டு, அறை. இறக்கு என்றார். நாலு பேரும் ஒரே நேரத்தில் இறக்கினோம், சத்தமே வரவில்லை. கழியை உருவுவதற்குள் பெரியவர் மறுபடியும் ஏறிச் சாய்ந்துகொண்டார். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே எங்களை வெளியே போகச் சொன்னாள்.

படியில் உட்கார்ந்தேன். மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறந்தார். எனக்கு வந்த கோபம் அவர் மேலா என் மேலா என்று எனக்கே தெரியவில்லை.

“ஏன் நகரல? ஒரு எட்டு வச்சிருந்தா போதுமே. அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். நான் இதைக் கேட்பேன் என்றே எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

“நகர்ந்தா உன் காலு எனக்குத் தெரியாதே மாப்ளே. அப்புறம் யாரு சொல்றது?” என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது. சனிக்கிழமை ஐந்தாவது மாடியிலிருந்து ஒரு பியானோ இறக்க வேண்டும், காலை ஏழு மணிக்கு வண்டி வீட்டு வாசலுக்கு வரும் என்று சொன்னேன். இரட்டையர்கள் இந்த ஒரு தடவை ஒருவனையொருவன் பார்க்காமல் தலையாட்டினார்கள். இறங்கும்போது மட்டும் நீங்கள் மேலேயே நின்று சொல்லுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். மேலே நின்றால் கால் தெரியாது என்று அதற்கும் மாட்டேன் என்றுவிட்டார்.

பியானோ பத்திரமாக இறங்கியது. அதற்கப்புறம் எவ்வளவோ இறக்கிவிட்டோம். நான் இப்போது முன்னால்தான் தூக்குகிறேன், நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட இடம். ஒவ்வொரு படியையும் காலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த அடி வைக்கிறேன். கீழே அவர் நிற்கிறார்.